ஓடையில் போன வரைபடம்

1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தை வெறும் பேய்ப்படம் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அதில் பேய் கண்ணிலேயே படாது. மேரிலாந்து காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போகும் மூன்று மாணவர்கள் வழி தவறுகிறார்கள். கையிலிருந்த வரைபடத்தைக் காணோம். தேடித் தேடிச் சலித்த பிறகு, "நான்தான் அதை ஓடையில் உதைத்துத் தள்ளினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான் ஒருவன். மற்ற இருவரும் அவன்மேல் பாய்கிறார்கள். என்னை உலுக்கிய இடம் அதுதான். காட்டைவிட, கூட வந்தவன் பயமுறுத்துகிறான்.

எட்டே நாள் படப்பிடிப்பு. கேமராவை நடிகர்களே சுமந்து, அவர்களே படம் பிடித்தார்கள். இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் ஒதுங்கி நின்று, அன்றன்றைய குறிப்புகளை ஃபிலிம் டப்பாக்களில் போட்டு வைத்தார்கள். சாப்பாட்டையும் நாளுக்கு நாள் குறைத்தார்கள். அந்த முகங்களில் தெரியும் சோர்வில் பாதி நிஜம்.

படத்தின் உலக வசூல் ஏறத்தாழ 25 கோடி டாலர். நடித்த மூவரோ, தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டு 2024இல்கூடப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. படத்தின் உரிமையை வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை இனியாவது நேர் செய்யட்டும்.