பித்தநீர்க் கசிவும் ஆங்கிலச் சீட்டும்

1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை நீக்கத்தைச் செய்தார். இன்று இவ்வறுவை செய்துகொண்டவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார். அந்த வசதிக்குள்ளேயே ஓர் இடரும் உண்டு.

பித்தப்பைக் குழாயின் அடிக்கட்டையில் இட்ட கிளிப் நழுவினாலோ, கல்லீரலையொட்டிய நுண்குழாய் அறுபட்டாலோ பித்தநீர் வயிற்றறைக்குள் கசியும். நூறில் ஓரிருவருக்கு நேரக்கூடிய இச்சிக்கல் பெரும்பாலும் வீடு சென்றபின், முதல் வாரத்தில்தான் வெளிப்படுகிறது. உரிய காலத்தில் கண்டறிந்தால், தேங்கிய நீரை வடித்து, எண்டோஸ்கோப்பி வழியே பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பதே பலருக்குப் போதும். அழுத்தம் குறைந்து பித்தநீர் குடலுக்கு இறங்க, கசிவு தானே மூடிக்கொள்ளும். முதன்மைக் குழாயே காயமுற்றிருந்தால் தேர்ந்த மையத்தில் மறுசீரமைப்பு வேண்டும். தாமதித்தாலோ சீழும் உயிராபத்தும்.

ஆகவே கசிவை முதலில் கண்டறிய வேண்டியவர் நோயாளியே. தாராவியில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தாயின் கையில் ஆங்கிலச் சீட்டைக் கொடுத்தனுப்பினால், கூடிவரும் வலியை அவர் வாயுத்தொல்லை என்றெண்ணி மோரும் பெருங்காயமும் குடித்துக் காத்திருப்பார். எச்சரிக்கை அச்சமூட்டும் என்பர் சிலர். அறியாமையின் விலை அதனினும் பெரிது.

"வலி கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளித்தால் அன்றே வருக." இவ்வொரு வரியைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சிட்டால் போதும். மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு இது ஒரு மாலைநேரப் பணியே. தொடங்குவோமா?