கல்யாண வீட்டில் ஒரு கொலை
கிராமத்துக் கல்யாணத்தில் கொலை நடப்பதாகக் கதை எழுதுவது சாவை விளையாட்டாக்குவது என்று சிலர் சொல்வார்கள். அகதா கிறிஸ்டியின் 1950ஆம் ஆண்டு நாவல் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' அதற்கு நல்ல பதில். போர் முடிந்த ஆங்கிலக் கிராமம், ரேஷன் காலம். பக்கத்து வீட்டுக்காரர் யாரென்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தப் பயம்தான் கதைக்கு உயிர். கல்யாணத்தில் அது இன்னும் கூடும்: முன்பின் தெரியாத ஆளை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவென்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உறவென்பார்கள். சாவுக்கு மதிப்பில்லை என்பதும் சரியல்ல. அந்த நாவலில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட கையோடு, தலைவலிக்கென்று ஆஸ்பிரின் என நினைத்து விஷ மாத்திரையை விழுங்கிச் சாகிற டோரா பன்னரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ரத்தம் தெறிக்கும் பல கதைகளில் செத்தவர் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. அவற்றைவிட இந்த வகைக் கதையே மேல்.