தவறினால் என்ன செய்வோம்?

நல்ல காரியம் தொடங்கும்போது, "தவறிப்போனால் என்ன செய்வது?" என்று கேட்கும் பெண்ணை, "அபசகுனமாகப் பேசாதே" என்று அடக்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இது சரியன்று என்பதே எங்கள் கருத்து.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அடுத்த திட்டத்தை வகுத்த நம் விஞ்ஞானிகள், "எவையெல்லாம் தவறக்கூடும்?" என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கலத்தின் கால்களை வலுவாக்கினர், எரிபொருளைக் கூட்டினர், 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கி.மீ. நீளமும் 2.5 கி.மீ. அகலமுமாக விரித்தனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 மெல்லத் தரையிறங்கியது. விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். இணைத் திட்ட இயக்குநராகத் துணைநின்றவர் கல்பனா என்னும் பெண்மணி.

நிலவுப் பயணத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? ஆண்டு விழாவன்று மழை வரலாம், மின்சாரம் நின்றுபோகலாம். முன்னரே எண்ணிப் பார்த்தவளிடம் மாற்று வழி இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழியன்றோ?

நாளும் மாறிவரும் உலகில் எத்திட்டமும் எழுதியபடியே நடந்தேறுவதில்லை. ஆகவே, பெரியோர்களே, தோழியரே, ஐயம் எழுப்பும் பெண்ணை அடக்க வேண்டாம். அவளையும் அருகில் அமர்த்தித் திட்டம் தீட்டுவோம். நம்பிக்கையோடு விழிப்பும் சேரட்டும்!