கத்திரியும் கைக்கோலும்

மே திங்கள் 4-ஆம் நாளையொட்டிக் கத்திரி பிறக்கிறது, 28-ஆம் நாளையொட்டி விடைபெறுகிறது என்று பஞ்சாங்கம் பகரும். பத்திரிகைகள் அதனைப் படமிட்டுப் பரப்பும். கிணறு வெட்டாதே, வீடு கட்டத் தொடங்காதே, குடி புகாதே என்று கட்டளைகள் கிளம்பும். சிவன் கோயில்களிலே தாராபிஷேகம்! கல்லின் தலைமீது கலயம் கட்டித் துளித்துளியாய்த் தண்ணீர் விடுவர், ஆண்டவனுக்குச் சூடு தாங்காதே என்ற பரிவினால்! பன்னிரண்டு வயதுச் சிறுவனின் செவியில் இவ்வளவும் விழுகிறது. ஆனால், "வெய்யில் ஏன் இப்படிக் காய்கிறது?" என்று அவன் வாய்திறந்து கேட்டால் விடை கூறத்தான் ஆளில்லை. விடை கூற வேண்டிய பள்ளியோ பூட்டிக் கிடக்கிறது!

கேட்டுப் பாருங்கள், தோழர்களே! பாட்டியைக் கேட்டால் அக்கினி நட்சத்திரம் என்பார். பட்டம் பெற்ற தந்தையைக் கேட்டாலோ, "சூரியன் பூமிக்குப் பக்கத்தில் வருகிறது, அதனால்தான்" என்பார். இரண்டில் எது பெரிய பொய் என்று எளிதில் தீர்ப்பளிக்க இயலாது. பூமி கதிரவனுக்கு மிக அருகே செல்வது ஜனவரி முதல் வாரத்திலே. அப்போது தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவிலிருப்பது ஜூலை முதல் வாரத்திலே; அப்போது 15 கோடியே 20 இலட்சம். மார்கழிக் குளிரில் போர்வைக்குள் நடுங்கும்போது அருகிலும், கத்திரியில் வியர்த்து விசிறும்போது எட்டியும் இருக்கிறோம்!

இதை நம்பவேண்டாம், அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கழி ஒன்று போதும். கொத்தனாரின் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாய் நட்டு, நண்பகலில் நிழல் மிகவும் குறுகும் கணத்தில் அதன் நுனியைத் தரையிலே குறிக்கட்டும். கதிரவனைக் கண்ணால் பார்க்கவேண்டா. நிழலைப் பார்த்தால் போதும். தலையிலே துணி போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் வேலை முடிந்தது. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிழலே காணாது. குமரிமுனையிலோ ஏப்ரல் 10, 11-லேயே காணாது. அந்நாளில்தான் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். அதன்பின் நிழல் தெற்கே தலைநீட்டத் தொடங்குகிறது. கத்திரி பிறக்கும் நாளில் சென்னைக் கழியின் நிழல் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர். கத்திரி முடியும் நாளில் ஏறத்தாழ 15. அதாவது, அக்கினி நட்சத்திரம் ஆளுவதாகச் சொல்லும் அத்தனை நாளும் கதிரவன் நம் உச்சியை விட்டு வடக்கே விலகிக்கொண்டேயிருக்கிறான்! பஞ்சாங்கம் பல நூறு பக்கம் புரட்டியும் சொல்லாத செய்தியைப் பத்துக் காசு பெறாத கழி சொல்லிவிடுகிறது.

பின் ஏன் மே மாதம் சுடுகிறது? நண்பகலைவிடப் பிற்பகல் இரண்டு மணி ஏன் சுடுகிறதோ, அதே காரணத்தால்தான். வரவு செலவைவிட மிகுந்திருக்கும் வரையில் கடைக்காரன் பெட்டியிலே பணம் ஏறுவதுபோல், நிலம் பெறும் வெப்பம் இழக்கும் வெப்பத்தைவிட மிகுந்திருக்கும் வரையில் சூடு ஏறும். அதனுடன் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக் கடற்காற்றை உள்ளே வரவிடாது தடுத்துவிட்டால் சென்னை கொதிக்கும். மே மாதம் கடுமையானது என்று முன்னோர் கண்டது பொய்யன்று. கண்டதன்மேல் நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டதுதான் புரட்டு. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. கத்திரி கணக்குத் தீர்த்து, வீடு போய்ச் சேர்ந்த பிறகு! 2023-இலும் ஜூன் முதல் நாள் திறக்க வேண்டிய பள்ளிகள், ஆறாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகளுக்கு, வெய்யிற் கொடுமையால் 12-ஆம் நாள்வரை தள்ளிப்போயின. கத்திரி நிவர்த்தியாயிற்று என்ற செய்தி கதிரவனுக்கு எட்டவில்லை போலும்.

பள்ளி பூட்டிய இந்த இடைவெளியிலே யார் நுழைகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 'கோடைப் பயிற்சி' என்ற பலகையுடன் வணிகர் வருகின்றனர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு 'அடித்தளம்' போடுகின்றனராம்! அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே உருப்போட வைப்பதற்கு அறிவியல் என்று பெயர். இன்னொரு கடையில் 'வேத கணிதம்' விற்பனை. பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைந்த பின் 1965-இல் அச்சேறிய நூல் அது. அதிலுள்ள சூத்திரங்கள் அறியப்பட்ட வேத ஏடு எதிலும் இல்லை என்று கணித அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பெருக்கலுக்குக் குறுக்குவழி பயன்படுமாயின் பயன்படட்டும். அதற்கு வேத முத்திரை எதற்கு?

இவற்றையெல்லாம் விஞ்சிய கடை ஒன்றுண்டு. குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டு, மூளையின் நடுப்பகுதியை எழுப்பிவிட்டோம், இனி தொட்டும் முகர்ந்தும் படிப்பாள் என்று கூறிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பறிக்கும் கடை. மூக்கின் ஓரத்து இடுக்கு வழியே குழந்தை கீழ்நோக்கிப் பார்க்கிறது, அவ்வளவே. எழுத்தைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாலோ, இடுக்கை அடைத்தாலோ வித்தை செத்துவிடும். நாம் சினப்பது பறிபோகும் பணத்துக்காக மட்டுமன்று. தனக்குத் தெரிவது இடுக்கு வழியே என்று அக்குழந்தைக்குத் தெரியும்; தெரிந்தும், கைதட்டும் தாய் தந்தையருக்காகப் பொய் சொல்லப் பழகுகிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் எழுதிவைத்த நாட்டில், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரட்டுப் பயிற்சி, அதுவும் கட்டணம் செலுத்தி!

கட்டணம் செலுத்த வழியில்லாத வீட்டுப் பிள்ளையோ கடைக்கும் பட்டறைக்கும் எடுபிடியாய்ப் போகிறான். அவன் தங்கைக்குத் தெருவும் இல்லை; வயதுக்கு வந்துவிட்டாளானால் வாசற்படியே எல்லை. அவள் வடகம் காயவைக்கிறாள். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது, புழுக்கமான நாளில் வடகம் ஏன் காயவில்லை என்பதைக் கையால் அறிந்திருக்கிறாள். பானையின் புறத்தில் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றிலே ஈரம் மிகுந்தால் ஆவியாதல் தடைபடுகிறது. இரண்டும் ஒரே பாடம். அப்பாடம் அவள் அடுக்களையிலேயே இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லாததால், அவளுடையது வீட்டுவேலை, அண்ணனுடையது விஞ்ஞானம் என்றாகிவிட்டது.

6 முதல் 8-ஆம் வகுப்புவரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கென 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. கையால் செய்து கற்கும் அம்முறையை வரவேற்கிறோம். ஆயின் அது பள்ளி நாட்களுக்கான ஏற்பாடு. கோடைக்கு யார் பொறுப்பு? அரசைக் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோமே, அங்கே பகலிலே நடப்பதென்ன? செய்தித்தாளும் கேரம் பலகையும்தானே! வாரம் ஒரு நாள் அதன் முற்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதற்கு எந்த அரசாணை வேண்டும்? பெண் பிள்ளைகளையும் அழைத்துவர வீடு வீடாய்ச் சென்று பெற்றோரிடம் பேசுவது நம் இளைஞரின் வேலை.

தொடக்கத்துக்கு ஒரு வேலையும் கூறுகிறோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் எகிப்தின் இரண்டு ஊர்களின் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அதையே நம் சிறுவர் சிறுமியர் செய்யலாம். ஏப்ரல் 24-இல் சென்னையில் கழிக்கு நிழலில்லாத நண்பகலில், குமரிமுனையில் ஒரு மீட்டர்க் கழி தெற்கே 8.7 செண்டிமீட்டர் நிழல் வீழ்த்தும். அது 5 பாகைக் கோணம்; முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்க்கும் இடையே நேர் வடதென் தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 39,960! பூமியின் உண்மைச் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். கடிகாரத்தில் 12 அடித்ததும் அளந்துவிடக் கூடாது. அன்று உச்சிவேளை சென்னையில் 12.07-ஐ ஒட்டியும் குமரியில் 12.18-ஐ ஒட்டியும் வரும். ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள், விடையைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு படிப்பகம், குமரியில் ஒரு படிப்பகம், இரண்டு கழி, ஒரு தொலைபேசி அழைப்பு. பெயர் கொடுக்க முன்வருவோர் யார், தோழர்களே?