எடிட்டரை நிறுத்தச் சொன்னால் எழுதியது எங்கே போகும்?



உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் பைதனில் சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிப் பழகுகிறார்கள். சந்தோசமான விசயம். ஆனால் அதைப் பார்க்கும் பெரியவர்கள் எழுத்துரு மாறுகிறதா, மெனு அழகா என்றுதான் பார்க்கிறார்கள். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது புரோகிராமை நிறுத்தச் சொன்னால் எழுதியது மிஞ்சுமா என்று யாரும் கேட்பதில்லை. முதல் புள்ளியே அதற்குத்தான் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குப் பணிசெயல் முறைமை அனுப்பும் சிறு அறிவித்தல்தான் சிக்னல். லினக்ஸில் 15ஆம் இலக்கம் சிக்டேர்ம். பரீட்சை மண்டபத்தில் மணி அடிப்பது போல: எழுதியதைக் கட்டி ஒப்படைக்க அவகாசம் உண்டு. 9ஆம் இலக்கம் சிக்கில். அது விடைத்தாளைப் பறித்தெடுப்பது. எந்தப் புரோகிராமாலும் அதைத் தடுக்கவோ பிடிக்கவோ முடியாது. கணினியை ஷட்டவுன் செய்யும்போதும் இதே ஒழுங்குதான். முதலில் 15, கொஞ்ச நேரம் பொறுத்து, அப்பவும் நிற்காவிட்டால் 9. இது தெரியாமல் எதற்கெடுத்தாலும் "கில் மைனஸ் 9 அடி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

1ஆம் இலக்கம் சிக்ஹப். ஹேங் அப், அதாவது லைன் அறுந்தது என்று அர்த்தம். தொலைபேசி லைனில் மோடம் போட்டுத் தூரத்துக் கணினியில் வேலை செய்த காலத்துப் பெயர் அது. 1970களில் பேர்க்லியில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜோய், வீட்டிலிருந்து 300 போட் மோடத்தில் வேலை செய்தவர். லைன் அறுவதன் வலி அவருக்குத் தெரியும். லைன் போனால் விஐ எழுதியதைப் பத்திரப்படுத்திவிட்டு, உரியவருக்கு அதைச் சொல்லி ஒரு மெயிலும் போட்டுவைக்கும். இன்றைய விம், ஈமேக்ஸ், நேனோ மூன்றும் அதே வழியில்தான் நடக்கின்றன. நேனோவுக்கு 15 வந்தால், கோப்பின் பெயரோடு 'சேவ்' என்ற சொல்லை ஒட்டி வேறொரு கோப்பில் எழுதிவிட்டுத்தான் மூடும்.

வேறொரு கோப்பில் என்பதைக் கவனியுங்கள். மூலக் கோப்பின் மேல் எழுதுவதில்லை. பிள்ளை பாதிப் பந்தியை அழித்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கலாம். அந்த நிலையைப் பழையதின் மேல் எழுத எடிட்டருக்கு என்ன அதிகாரம்?

அடுத்தது ஹேண்ட்லர், சிக்னல் வந்ததும் ஓடும் சிறு பகுதி. எல்லா வேலையையும் அதற்குள்ளேயே செய்துவிடப் பார்ப்பது ஆபத்து. நாம் கரும்பலகையில் எழுதும்போது அலுவலகத்திலிருந்து துண்டு வந்தால், வாங்கி மேசையில் வைத்துவிட்டு அந்த வரியை முடிப்போம் அல்லவா? ஹேண்ட்லரும் "சிக்னல் வந்தது" என்று ஒரு மாறியில் குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். சேமிப்பதைப் பிரதான லூப் பார்த்துக்கொள்ளும். சி மொழியில் மெமரி ஒதுக்கும் வேலை பாதியில் நிற்கும்போது ஹேண்ட்லரும் மெமரி கேட்டால் புரோகிராம் அப்படியே உறைந்துபோகலாம். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. உலகம் முழுக்கச் சேர்வர்களில் ஓடும் ஓபன் எஸ்எஸ்எச்சில், ஹேண்ட்லருக்குள் செய்யக்கூடாத வேலையைச் செய்ததால் வந்த பாதுகாப்பு ஓட்டையை 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. 2006இல் அடைத்த ஓட்டை பின்னர் மறுபடி திறந்துகொண்டது அது.

பைதனில் இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் டிகேஇன்டர் ஜன்னலோடு எழுதும் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல்: சிக்னல் வந்தும், மவுசை அசைக்கும்வரை ஹேண்ட்லர் ஓடாமல் கிடக்கும். 'ஆஃப்டர்' கட்டளையால் அரைச் செக்கனுக்கு ஒருமுறை லூப்பை எழுப்பிவிட்டால் சரியாகிவிடும்.

இனி, கரண்ட். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாம். யூபிஎஸ் இல்லாத கணினியில் கரண்ட் போனால் 15உம் வராது, 9உம் வராது. விண்டோஸில் டாஸ்க் மெனேஜரால் புரோகிராமைக் கொன்றாலும் அது 9 மாதிரித்தான், ஹேண்ட்லர் ஓடாது. ஆகவே சிக்னலை மட்டும் நம்பி இருக்க முடியாது. விம் 200 எழுத்துத் தட்டியதும், அல்லது 4 செக்கன் கை ஓய்ந்ததும், தானாகவே ஸ்வாப் கோப்பில் எழுதிவைக்கிறது. நம் பிள்ளைகளின் எடிட்டரில் 10 செக்கனுக்கு ஒருமுறை என்றாலும் போதும்.

வீட்டில் பிள்ளை எடிட்டர் செய்து காட்டினால் நிறத்தைப் பார்க்க முதல் இப்படிச் செய்து பாருங்கள். சேமிக்காமல் இருபது வரி தட்டச் சொல்லுங்கள். லினக்ஸ் என்றால் இன்னொரு டேர்மினலிலிருந்து முதலில் 15ஐ அனுப்பச் சொல்லுங்கள். மறுபடி திறந்து, வரிகளை எண்ணுங்கள். பிறகு அதே மாதிரி 9ஐ அனுப்பி, திரும்பவும் எண்ணுங்கள்.