பழைய சாகாவின் ‘கெட்டி’ யாரைக் காக்கும்?

மாணவர்களே, பண்டார் பாரு, செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் பழைய புரோட்டோன் சாகா இன்னும் ஓடுகிறது. அதை வைத்திருக்கும் மாமா யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். போனெட்டைத் தட்டிக் காட்டி, “இதான்டா இரும்பு! புதுசெல்லாம் பிஸ்கட் டின்” என்பார். அவர் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. 1985 ஜூலை 9-இல் அறிமுகமான நம் முதல் தேசியக் கார் அது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் அதைக் கடந்ததும் சாகாவில்தான். ஆனால், அந்த இரும்புக் கணக்கை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதும் கார், முன்பகுதி நசுங்கி அரை மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கைவார் அணிந்தவரும் காரோடு சேர்ந்து நின்றால், அவர்மீது விழும் சராசரி விசை அவர் எடையைப்போல் 20 மடங்கு. கார் ‘கெட்டி’யாக இருந்து கால் மீட்டரிலேயே நின்றால் 40 மடங்கு! நான்காம் படிவத்தில் ‘டாயா இம்புல்ஸ்’ என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. நசுங்கும் தகடு நமக்காக அடி வாங்குகிறது.

முன்பகுதி நசுங்க வேண்டும். ஆள் உட்காரும் பகுதி நசுங்கக் கூடாது. அமெரிக்காவில் 2009-இல் ஒரு சோதனை செய்தார்கள். 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபுவையும், ஒவ்வொன்றும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பார்த்தால் பெல் ஏர்தான் யானை. ஆனால் அதன் ஓட்டுநர் அறையே உள்வாங்கி, ஸ்டியரிங் பொம்மை மனிதன்மீது ஏறியது. மாலிபுவின் மூக்கு சிதைந்தது. உள்ளிருந்த பொம்மைக்குக் காலில் மட்டும் சிறு காயம்.

நம் சாகாவுக்கு வருவோம். 1985 சாகாவில் காற்றுப்பை கிடையாது. 2016-இல் வந்த புதிய சாகாவில் முன்னிருக்கை இரண்டுக்கும் உண்டு. ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் அது 4 நட்சத்திரம் பெற்றது.

பழைய காருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் ஓட்டுப் போடுவேன். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் வீட்டு வாசலிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம். புதியதில் விளக்கு எரிந்தால், என்ன கோளாறு என்று கேட்கவே கணினி வேண்டும். கைவேலை பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு.

வீட்டில் பழைய சாகாதான் இருக்கிறதா? அதற்காக அப்பாவைப் புதுக் கார் வாங்கச் சொல்லாதீர்கள். காற்றுப்பை இல்லாத காரில் உங்களைப் பிடித்து நிறுத்துவது வார் ஒன்றுதான். பின்னிருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டுச் சட்டம். பின்னால் வாரே இல்லையென்றால், ஸ்போர்ட் ரிம் வாங்கச் சேர்த்த பணத்தோடு பட்டறைக்குப் போய், வார் பொருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள்.