மெழுகை மிச்சம் பிடிக்கலாம்... ஆனால் உஷார்!
2012ல் மதுரைப் பக்கம் பல மணி நேரம் கரன்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது தொற்றிய பழக்கம், மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைப்பது. இப்போது கார்த்திகைக்கு ஏற்றும் மெழுகு அகல்களிலும் மிச்சம் கிடைக்கிறது. சேர்ப்பது நல்லதுதான். ஆனால், சிலர் அதை வாணலியில் போட்டு, நேராக அடுப்பில் உருக்குகிறார்களே, அதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது!

கடை மெழுகு பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து வருவது. சூடு மிஞ்சினால் குப்பென்று பற்றிக் கொள்ளும். பதறிப் போய் தண்ணீர் ஊற்றினால், இன்னும் சீறும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூட வேண்டும்.

சாதாரண மெழுகு 70 டிகிரிக்குள்ளேயே உருகி விடும். கொதிக்கும் தண்ணீரில் பழைய டம்ளரை இறக்கி வைத்தாலே போதுமே! நாலு ரூபாய் மெழுகுக்காகக் கையைச் சுட்டுக் கொள்வதா சிக்கனம்? யோசியுங்கள் தோழியரே!

- ஒரு வாசகி, மதுரை.